அப்பாவின் உளியும் பன்னிரண்டு மாடியும்

போன மாதம் ஒரு புதன்கிழமை. காலை நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு ஒலிபரப்பு அறையிலிருந்து வெளியே வந்து கைப்பேசியைத் திறந்தால், அம்மாவிடமிருந்து ஏழு அழைப்புகள். ஏழு என்றால் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தம். பதறிப்போய் அழைத்தேன்.

"ஒன்னும் இல்லம்மா. வீடு உடைக்கிறவன் லோரியோட வந்திருக்கான். ஒங்கப்பா அவன்கூட மல்லுக்கு நிக்கிறாரு. நீ வந்து என்னான்னு கேளு."

ஜெலுத்தோங்கில் எங்களுடையது பலகை வீடு. தாத்தா கட்டியது. தச்சு வேலை செய்த அப்பா நாற்பது ஆண்டுகளாக ஒரு பலகையை மாற்றி, ஒரு தூணை நிமிர்த்தி, அதை நிற்க வைத்திருந்தார். வீடுதான் எங்களுடையது, நிலம் இல்லை. நிலம் கைமாறிவிட்டது. ஆண்டு முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். பினாங்குத் தீவில் இன்று நிலம் விற்கிற விலைக்கு, இத்தனை காலம் விட்டுவைத்ததே பெரிய விஷயம். பக்கத்திலேயே 14ஆவது மாடியில் ஒரு வீடு பார்த்தாகிவிட்டது. அம்மாவுக்குத் திருப்திதான். அப்பாதான் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது சண்டை முடிந்திருந்தது. உடைக்கிறவர் நல்ல பையன்தான். "அக்கா, ஒரே நாள்ல இடிச்சி லோரியில ஏத்திடுவேன். அங்கிள் ஒவ்வொரு ஆணியா புடுங்கணும்னு சொல்றாரு. அந்தக் கூலிய யாரு கொடுப்பா?" என்றார். கேள்வியில் நியாயம் இருந்தது.

அப்பா உத்தரத்தைத் தட்டிக் காட்டினார். "செங்கால் மரம் இது. செங்கல் இல்ல, செங்கால். இன்னைக்கு கடையில போய் கேட்டுப் பாரு, என்ன வெலை சொல்றான்னு. இதக் கொண்டு போய் குப்பையில கொட்டுவானாம்."

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது, சாப்பாட்டு மேசையில் அட்டையை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள் தங்கச்சி. சித்தப்பா மகள். கட்டடக் கலை படிக்கிறாள், இறுதி ஆண்டு. எங்கள் வீட்டில் தங்கித்தான் கல்லூரிக்குப் போகிறாள். அவளுடைய இறுதி ஆண்டு வேலை என்ன தெரியுமா? ஜெலுத்தோங்கில் பன்னிரண்டு மாடி அடுக்குமாடி வீடு. முழுக்க மரத்தில்.

ஒரு பக்கம் மர வீட்டை உடைக்க லோரி நிற்கிறது. மறுபக்கம் மேசைமேல் மர வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. இந்த வாரம் இதைப் பற்றி எழுதாமல் வேறு எதைப் பற்றி எழுத?

ஊரின் பெயரே ஒரு மரம்

ஜெலுத்தோங் என்பது ஒரு காட்டு மரத்தின் பெயர். அந்த மரம் 60 மீட்டர் வரை வளரும். ஏறக்குறைய இருபது மாடி உயரம். அதன் பாலை ஒரு காலத்தில் சூயிங்கம் செய்ய ஏற்றுமதி செய்தார்கள். மரம் மிருதுவானது. பென்சிலுக்கும் படச் சட்டத்துக்கும் சிற்ப வேலைக்கும் ஆகும், தூணுக்கு ஆகாது. இதைத் தங்கச்சியிடம் சொன்னபோது, "அக்கா, நான் ஜெலுத்தோங் மரத்துல கட்டல, ஜெலுத்தோங்கில கட்டுறேன்" என்று திருத்தினாள்.

அவள் சொல்லும் மரம் ஒரே துண்டாகக் காட்டிலிருந்து வருவதில்லை. சிறு பலகைகளை வரிசையாக அடுக்கி, அடுத்த வரிசையைக் குறுக்காக வைத்து, மூன்று, ஐந்து, ஏழு அடுக்காகப் பசையிட்டு அழுத்துகிறார்கள். சுவர் அளவுக்குப் பெரிய பலகை கிடைக்கிறது. இதற்கு சி.எல்.டி. என்று பெயர். ஒரே திசையில் ஒட்டி, தூணாகவும் உத்தரமாகவும் செய்வது குளூலாம். நம் நாட்டிலேயே ஜொகூர் பாருவில் மலேசிய மரத் தொழில் வாரியம் ஒரு கண்காட்சிக் கூடத்தைக் குளூலாமில் கட்டியிருக்கிறது.

உலகம் இதில் வெகு தூரம் போய்விட்டது. 2009இல் லண்டனில் ஒன்பது மாடி எழுந்தது. 2017இல் கனடாவின் வான்கூவரில் 18 மாடி மாணவர் விடுதி. அதன் மரப்பகுதியைப் பொருத்தி முடிக்க 70 நாள்கூட ஆகவில்லை. 2019இல் நோர்வேயில் 85 மீட்டர் உயரத்தில் ஒன்று. 2022இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 25 மாடி.

ஏன் இந்த அவசரம்? உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு விழுக்காடு சிமெண்டு தயாரிப்பதால் மட்டும் வருகிறது. மரமோ வளரும்போதே அந்த வாயுவை உள்ளே இழுத்துக்கொள்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் பாதி கரி. 500 கிலோ காய்ந்த மரத்தில் 250 கிலோ கரி என்றால், அது காற்றிலிருந்து இழுத்த கரியமில வாயு 900 கிலோவுக்கு மேல். அந்த மரம் தூணாக நிற்கும் வரை அவ்வளவும் வீட்டுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். நிற்கும் வரை என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அப்பாவின் கேள்வி

அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அட்டை மாதிரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தங்கச்சி பாராட்டுக்குக் காத்திருந்தாள்.

"அழகா இருக்கும்மா. மழை பெஞ்சா தண்ணி எங்க போவும்?"

"கூரையில கால்வா இருக்கு பெரியப்பா."

"கூரை சரி. நம்ம ஊர்ல மழை மேலேருந்தா பெய்யுது? பக்கத்துலேருந்துல்ல அடிக்குது."

அவள் பதில் சொல்லவில்லை. மாதிரியில் சுவர்கள் வழவழவென்று நேராக இறங்கின. வெளியே நீட்டிய தாழ்வாரம் ஒன்றுகூட இல்லை. அவள் பார்த்துப் படித்த படங்கள் எல்லாம் பனி பெய்யும் நாடுகளைச் சேர்ந்தவை.

அப்பா சொன்னதைப் புத்தகக் கணக்கில் இப்படிச் சொல்லலாம். இந்தப் பலகைகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஈரப்பதம் ஏறக்குறைய 12 விழுக்காடு. நம் காற்றில் சும்மா வைத்தாலே அது 15ஐத் தாண்டும். 20ஐத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால் பூஞ்சணத்துக்கு விருந்து வைத்த மாதிரி. அதற்குப் பிறகு கரையான்.

இது வெறும் பயமில்லை. சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2023இல் 'காயா' என்ற ஆறு மாடி மரக் கட்டடம் திறக்கப்பட்டது. 43,500 சதுர மீட்டர். ஆசியாவின் மிகப் பெரிய மரக் கட்டடங்களில் ஒன்று. ஜப்பானின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் தோயோ இதோவும் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றும் சேர்ந்து வடிவமைத்தது. மரம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. திறந்து இரண்டு ஆண்டுகளில் அதன் மரப்பரப்பில் சில இடங்களில் பூஞ்சணம் படர்ந்திருப்பதாகச் செய்தி வந்தது. கட்டடத்தின் வலுவைப் பற்றிய செய்தி இல்லை அது, பராமரிப்பைப் பற்றியது. ஆனால் நமக்குப் பாடம் இருக்கிறது. அத்தனை நிபுணர்கள் கூடிக் கட்டிய இடத்திலேயே நம் பூமத்தியரேகைக் காற்று தன் வேலையைக் காட்டுகிறது என்றால், வடிவமைப்பு மேசையில் ஈரத்துக்கு முதல் நாற்காலி போட வேண்டும்.

தங்கச்சியின் குழுவில் யார் யார் என்று கேட்டேன். அவளும் இன்னொரு கட்டடக் கலை மாணவரும், கடைசியில் கணக்குப் பார்த்துக் கொடுக்க ஒரு பொறியியல் மாணவரும் என்றாள். நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஜெலுத்தோங்கிலிருந்து கொஞ்ச தூரத்தில், குளுகோரில் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. கரையானைப் பற்றி ஆராய்ச்சி செய்வதில் பெயர் பெற்ற இடம் அது. பன்னிரண்டு மாடியை மரத்தில் கட்ட நினைக்கிறவள் பூச்சி படித்த ஒருவரைக்கூடக் கேட்கவில்லை.

பொம்பா அங்கிள் வந்தார்

அடுத்த தெருவில் ஓர் அங்கிள் இருக்கிறார். முப்பது ஆண்டுகள் தீயணைப்புப் படையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதிலிருந்தே எங்களுக்குப் பொம்பா அங்கிள். சனிக்கிழமை சாயங்காலம் டீ குடிக்க வந்தவரிடம் மாதிரியைக் காட்டினோம். அவர் கொதித்தெழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிதானமாக டீயை ஊதினார்.

"கட்டை எரியும். ஆனா பெரிய கட்டை மெதுவாத்தான் எரியும். வெறகு அடுப்புல பாத்ததில்லையா நீங்க? சுள்ளி ஒடனே போயிடும். பெரிய கட்டை ராத்திரி முழுக்க கெடக்கும்."

அதுதான் இந்தத் துறையின் அடிப்படையே. தடித்த மரத்தின் வெளிப்புறம் எரிந்து கரியாகும்போது, அந்தக் கரியே உள்ளிருக்கும் மரத்துக்குப் போர்வை ஆகிவிடுகிறது. ஐரோப்பியக் கணக்குப்படி மென்மரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.65 மில்லிமீட்டர் கரியும். ஒரு மணி நேரத்துக்கு நான்கு சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள உத்தரம் இரண்டு பக்கமும் எரிந்தாலும், ஒரு மணி நேரம் கழித்து 22 சென்டிமீட்டர் நல்ல மரம் மிஞ்சும். அதனால் எரிந்து போகப்போகிற பகுதியையும் கணக்கில் சேர்த்தே தூணைத் தடிமனாக்குகிறார்கள். மூடிப் பாதுகாக்காத இரும்போ 550, 600 டிகிரி வெப்பத்தில் தன் பலத்தில் பாதியை இழந்துவிடும்.

"அப்ப பயமில்லை, இல்ல அங்கிள்?" என்றாள் தங்கச்சி.

"நான் அப்படிச் சொல்லலையே. ஒட்டியிருக்கிற பசை சூட்டுல விட்டுப் போச்சுன்னா?"

படிக்காத கேள்வி இல்லை அது. பழைய வகைப் பசைகளில் இந்தச் சிக்கல் உண்மையாகவே வந்தது. கரிந்த அடுக்கு உதிர்ந்து விழ, உள்ளே புதிய மரம் தீக்கு முகம் காட்ட, அடங்கிய நெருப்பு மறுபடி எழும்பியது. அதற்காகவே 2018இல் அமெரிக்கா சி.எல்.டி.க்கான தரநிலையைத் திருத்தி, சூட்டைத் தாங்கும் பசையைக் கட்டாயமாக்கியது. 2021இல் வந்த அவர்களுடைய கட்டட விதிகள் மர மாடிகளுக்கு மூன்று படி வைத்தன. மரத்தைத் திறந்தே விட்டால் ஒன்பது மாடி. ஒரு பகுதியை மட்டும் திறந்துவிட்டால் பன்னிரண்டு. முழுக்கத் தீத்தடுப்புப் பலகையால் மூடினால் பதினெட்டு. மில்வாக்கியின் 25 மாடிக்குத் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதன் தூண்களை மூன்று மணி நேரம் எரித்துச் சோதித்துக் காட்டிய பிறகே அனுமதி கிடைத்தது.

பொம்பா அங்கிள் கடைசியாக ஒன்று கேட்டார். "சுவத்த மூடிட்டீங்கன்னா, உள்ள குழாய் ஒழுகுறது எப்படித் தெரியும்?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தீக்காகச் சுவரை மூடச் சொல்கிறது ஒரு துறை. ஈரத்துக்காகத் திறந்து வைக்கச் சொல்கிறது இன்னொரு துறை. இரண்டு பேரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டால் இரண்டும் சரி. ஒன்றாகச் சேர்த்தால் வீடு உள்ளுக்குள்ளே அழுகும்.

அம்மாவைக் கேட்கவில்லையே

இவ்வளவு நேரம் அம்மா அடுப்படியில் இருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தானாகவே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"மேல்வீட்டுக்காரி அம்மியில அரைச்சா நமக்குக் கேக்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள், தங்கச்சியைத் தவிர. அவளுக்குத் தெரியும், மர மாடிகளின் பெரிய தலைவலி அதுதான். மரத்தின் எடை கான்கிரீட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. கடலை மண் போட்டு மேடாக்கிய நம் கரையோர இளகிய நிலத்துக்கு அது வரப்பிரசாதம், அஸ்திவாரச் சுமை குறையும். ஆனால் எடை இல்லாத தளம் முரசு மாதிரி. மேல்வீட்டுப் பிள்ளை குதித்தால் கீழ்வீட்டில் விளக்கு ஆடும். எடை இல்லாத கட்டடம் காற்றிலும் அசையும். நோர்வேக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த 18 மாடிக் கட்டடத்தில் மேல் ஏழு தளங்களை வேண்டுமென்றே கான்கிரீட்டில் போட்டார்கள். தலையில் கனம் இருந்தால் ஆட்டம் குறையும் என்பதற்காக. மரக் கட்டடத்தின் உச்சியில் கான்கிரீட் வைக்கும் யோசனை, மரத்தையே நம்பி உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் தனியாக வந்திருக்காது. காற்றைப் படித்தவரும் கட்டடத்தைப் படித்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் வந்தது.

அம்மாவின் அடுத்த கேள்வி குளியலறை. நாம் குளிப்பது தண்ணீரை மொண்டு ஊற்றி. வெள்ளிக்கிழமை வீடு முழுக்கக் கழுவி விடுவோம். தாளிக்கிற எண்ணெய்ப் புகை, பொங்கலன்று பொங்கி வழியும் பானை, சாமி மேடையில் குத்துவிளக்கும் கற்பூரமும். இதெல்லாம் எந்த வரைபடத்திலும் வருவதில்லை. வடக்கு நாட்டில் ஒரு துணியை நனைத்துத் துடைக்கும் வீட்டுக்குப் போட்ட கணக்கு இங்கே செல்லாது. சிங்கப்பூரின் காயா கட்டடத்திலேயே கழிப்பறைகளையும் தரைத்தளத்தையும் வெளிப்படிக்கட்டுகளையும் கான்கிரீட்டில்தான் கட்டியிருக்கிறார்கள். மரம் எங்கே வேண்டும் என்று தெரிவதுபோல, எங்கே வேண்டாம் என்று தெரிவதும் வடிவமைப்புதான்.

அன்று இரவு தங்கச்சி அட்டை மாதிரியின் ஒரு பக்கத்தைப் பிய்த்தாள். குளியலறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே நேர்கோட்டில், கான்கிரீட் கூட்டுக்குள் கொண்டுவந்தாள். குழாய்கள் செல்லும் இடத்துக்கு ஒவ்வொரு மாடியிலும் திறந்து பார்க்கும் கதவு வைத்தாள். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு மீட்டருக்கு மேல் தாழ்வாரம் நீட்டினாள். பார்க்க முன்பு மாதிரி வழவழப்பாக இல்லை. எங்கள் பலகை வீட்டின் சாயல் வந்துவிட்டது.

பாட்டி வெட்டிய மரம்

இன்னொரு கேள்வி எனக்கு இருந்தது. மரத்தை ஐரோப்பாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்துதான் மலேசியாவில் கட்ட வேண்டுமா?

நம் காட்டு மரங்கள் உறுதியானவை. ஆனால் கனமும் எண்ணெய்ப் பசையும் உள்ள மரங்கள் ஒட்டுப்பசையைச் சுலபத்தில் ஏற்பதில்லை. தவிர, கட்டடத்துக்காகக் காட்டை அழித்தால் எதற்காக இந்தப் பாடு? சான்று பெற்ற, மறுபடி வளர விடும் காட்டிலிருந்து வந்தால்தான் கணக்கு நேராகும். கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்திலும் நம் பல்கலைக்கழகங்களிலும் உள்ளூர் மரங்களை ஒட்டிச் சோதிக்கும் வேலை நடக்கிறது.

அங்கேதான் எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தார். கெடாவில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஒரு ரப்பர் மரம் 25, 30 ஆண்டுகள் பால் தரும். பிறகு சாய்த்துவிட்டுப் புதுக் கன்று நடுவார்கள். பாட்டி காலத்தில் சாய்த்த மரம் அடுப்புக்குத்தான் போனது. ஏனென்றால் அந்த மரத்தை அப்படியே போட்டால் சில நாளில் நீலம் பாய்ந்து, வண்டு துளைத்துவிடும். அறுத்த கையோடு போரான் உப்பில் ஊறவைத்து உலர்த்தினால் தப்பும் என்று கண்டுகொண்ட பிறகு கதை மாறியது. இன்று மலேசிய நாற்காலி மேசை ஏற்றுமதியின் முதுகெலும்பே ரப்பர் மரம். அடுப்புக்குப் போன மரத்தை நாற்காலி ஆக்கியது ஒரு தச்சர் மட்டுமா? மரம் படித்தவர், பூச்சி படித்தவர், வேதியியல் படித்தவர், ஆலைக்காரர் எல்லாரும் சேர்ந்துதான். உயர்ந்த கட்டடத்தின் தூணாக அது ஆகுமா என்பது வேறு கேள்வி, அதற்குப் பதில் சோதனைச் சாலையில்தான் கிடைக்கும். ஆனால் வழி இதுதான்.

நிற்கும் வரை

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன சொல்லுக்கு இப்போது வருகிறேன்.

ஜெலுத்தோங்வாசிகளுக்கு 2022 ஜூன் மறந்திருக்காது. கடலோரக் குப்பைமேடு தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. ஜன்னல், கதவு எல்லாம் மூடிக்கொண்டு உள்ளே கிடந்தோம். அம்மாவின் இருமல் அப்போது தொடங்கியதுதான். தீவில் வீடு உடைத்தாலும், வீடு கட்டினாலும் மிஞ்சும் கழிவுகள் போய்ச் சேரும் இடம் அது. அங்கே மரமும் போகும்.

ஒரு மரத்தூண் நிற்கும் வரை கரியமில வாயு பூட்டிக் கிடக்கும் என்றேன். குப்பைமேட்டில் எரிந்தால், எழுபது ஆண்டு சேமித்ததை ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். அப்படியானால் மரக் கட்டடத்தை வடிவமைக்கும்போதே அதை எப்படிப் பிரிப்பது என்றும் வரைய வேண்டும். உடைப்பவர், ஆணி பிடுங்குகிறவர், பழைய மரம் வாங்குகிறவர், எல்லாரும் அந்த மேசைக்கு வர வேண்டும். லோரித் தம்பி கேட்டது வெறும் கூலிக் கேள்வி இல்லை. பிரிக்க முடியாத மாதிரி கட்டியதன் விலை என்ன, அதை யார் கொடுப்பது என்ற கேள்வி.

இந்த நாட்டுக்கு இது புதிதும் இல்லை. நெகிரி செம்பிலானில், கோலப்பிலா பக்கம் ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனைக்குப் போயிருக்கிறீர்களா? 1902இல் தொடங்கி 1908இல் முடித்தார்கள். கஹார், தாயிப் என்ற இரண்டு மலாய் தச்சர்களின் வேலை. அடுக்கடுக்காக எழும்பி நிற்கும் முழு மர அரண்மனை, 99 தூண்கள், இரும்பாணி இல்லாமல் பொருத்துவாய் வெட்டிக் கோத்தது. ஆணி இல்லாமல் கோத்ததை ஆணி இல்லாமல் பிரிக்கலாம். மலாய் கம்பங்களில் ஊரே கூடி ஒரு வீட்டைத் தோளில் தூக்கி இடம் மாற்றிய காலம் இருந்தது. நார்வேயையும் கனடாவையும் பார்க்கும் பிள்ளைகள் ஒரு நாள் ஸ்ரீ மெனாந்தியையும் பார்த்துவிட்டு வரலாம்.

தங்கச்சி அப்பாவிடம் பொருத்துவாய் எப்படி வெட்டுவது என்று கேட்டாள். அப்பா பரணிலிருந்து உளிப்பெட்டியை இறக்கினார். நான் இருபது ஆண்டுகளாகப் பார்க்காத பெட்டி. பழைய உத்தரத்தின் ஒரு முனையைக் காட்டி, "இது ஆண், இது பெண். இடைவெளி இவ்ளோதான் இருக்கணும். மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், அதுக்கு எடம் விடணும்" என்றார். அவள் அளவு எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

மிஞ்சியது எவ்வளவு

முடிவு எல்லாம் நல்லபடியாக ஆயிற்று என்று சொல்ல ஆசை. அப்படி ஆகவில்லை.

லோரித் தம்பி மூன்று நாள் தவணை கொடுத்தார். இரண்டு ஆள் கூலி நான் கொடுத்தேன். பதினொரு உத்தரங்களில் மூன்றை உள்ளே கரையான் தின்றிருந்தது. வெளியே தட்டினால் தெரியாது. அப்பா காதை வைத்துக் கேட்டே சொல்லிவிட்டார். எட்டு பிழைத்தன. அவற்றில் ஆறு, கூலிமில் மாமாவின் தோட்டத்தில் கொட்டகை போடப் போயிருக்கின்றன. ஒன்று தங்கச்சியின் கல்லூரிப் பட்டறைக்கு. சுவர்ப் பலகைகளில் பாதிக்கு மேல் பிளந்துபோனதால் அவை லோரியில் ஏறின. அதை ஏற்றும்போது அப்பா உள்ளே போய்விட்டார்.

எட்டாவதைப் புது வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மின்தூக்கியில் நுழையவில்லை. இரண்டாக அறுக்கச் சொன்னேன். அப்பா மறுத்து, பொம்பா அங்கிளையும் அடுத்த வீட்டு மலாய்ப் பையன்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு 14 மாடியும் படியில் ஏற்றினார். இப்போது அது வரவேற்பறையில் நீளப் பலகை இருக்கையாகக் கிடக்கிறது. பழைய பொருத்துவாய் ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. அம்மா அதில் தொலைக்காட்சி ரிமோட்டைச் சொருகி வைக்கிறார்.

தங்கச்சியின் இறுதி மதிப்பீடு அடுத்த மாதம். புது மாதிரியில் பன்னிரண்டு மாடி பத்தாகிவிட்டது. குளியலறைக் கூடு கான்கிரீட். ஒவ்வொரு பொருத்துவாயும் எப்படிக் கழற்றுவது என்று தனியாக ஒரு தாள் வரைந்து சேர்த்திருக்கிறாள். ஆலோசனை சொன்னவர்கள் பட்டியலில் பேராசிரியர்களுக்குக் கீழே மூன்று பேர்: ஓய்வு பெற்ற தச்சர், ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர், இல்லத்தரசி. மதிப்பெண் குறைப்பார்களோ என்று பயப்படுகிறாள். குறைத்தாலும் எடுக்காதே என்றேன்.

உங்கள் வீட்டிலோ கம்பத்திலோ பலகை வீடு பிரிக்கப் போகிறீர்களா? லோரியைக் கூப்பிடுவதற்கு முன்பு ஒரு வாரம் தள்ளி வையுங்கள். அந்த வீட்டைக் கட்டியவரோ, கட்டியவரின் பிள்ளையோ பக்கத்தில் இருந்தால், உத்தரத்தைத் தட்டிக் கேட்கச் சொல்லுங்கள். எது பிழைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பிழைத்ததைப் பற்றி எனக்கும் எழுதுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.